பார்த்தவர் யார்? போர்ச் செய்தியும் நம் பொறுப்பும்

திண்டிவனத்துப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடும் முன்பே நாம் கைப்பேசியைத் திறந்துவிடுகிறோம். சற்று முன்புதான் காஸா மக்களுக்காக இமாம் குரல் தழுதழுக்க துஆ செய்திருப்பார்; நாமும் மனமுருகி ஆமீன் கூறியிருப்போம். அந்த ஈரம் காயும் முன்பே உறவினர் குழுக்களிலும் மஹல்லா குழுக்களிலும் படங்கள் வந்து குவியும். இடிந்த வீடு, கஃபனிடப்பட்ட குழந்தை, தந்தை ஒருவரின் ஓலம். அவற்றுள் எது காஸா, எது பத்தாண்டுகளுக்கு முந்தைய சிரியா, எது துருக்கியின் நிலநடுக்கம், எது கணினி வரைந்த பொய்ப்படம் என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலர். அவ்வாறு கேட்பவரை ஈமானில் குறையுள்ளவர் போல நோக்கும் வழக்கமும் மெல்லப் பரவி வருகிறது.

கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து. அந்தப் படங்களுள் உண்மையானவற்றை எடுத்து அனுப்புவதற்காக உயிரையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். போர்க்களச் செய்தியாளர் என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடக்கும் அந்த மனிதர்கள் என்ன விலை கொடுத்து ஒரு செய்தியைக் கொண்டு வருகிறார்கள் என்பதை அறிந்தால், அதை நாம் கையாளும் விதமும் மாறக்கூடும்.

செய்தியை விசாரித்து ஏற்க வேண்டும் என்று கட்டளையிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை நம்மில் பலர் குத்பாக்களில் கேட்டிருப்போம். அது இறங்கியதற்குத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் கூறும் பின்னணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஸகாத் திரட்டி வர ஒருவர் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்க அக்குலத்தார் கூட்டமாக வந்தனர். அதைக் கண்டு அஞ்சிய அவர் பாதி வழியிலேயே திரும்பி, அவர்கள் ஸகாத் தர மறுத்ததாகவும் தம்மைக் கொல்ல முற்பட்டதாகவும் மதீனாவில் அறிவித்தார். அவர்கள் மீது படை செல்லும் நிலை உருவாயிற்று. விசாரித்தபோது நடந்தது வேறு எனத் தெரிய வந்தது. ஆக, அந்த வசனம் சந்தைப் பேச்சையோ அண்டை வீட்டு வதந்தியையோ முன்வைத்து இறங்கியதன்று. ஒரு போர்ச் செய்தியே அதற்குக் காரணம். ஒரு கூட்டத்தாரின் உயிர் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லில் தொங்கிய நேரம் அது.

இதனால்தானோ என்னவோ, நம் முன்னோர் செய்தியை விட அதைக் கொண்டு வந்தவரைக் கூர்ந்து நோக்கினர். ஹதீஸ் கலையின் முதுகெலும்பே அறிவிப்பாளர் தொடர்தான். நீ யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் வினவினர். தொடர் அறுந்திருந்தால் முன்கதிஃ என்றனர். அறிவிப்பவர் யாரென்றே தெரியாவிட்டால் மஜ்ஹூல் என்று ஒதுக்கினர். சொல்லப்பட்ட கருத்து நல்லதாயிற்றே என்று விட்டுவிடவில்லை.

இதற்கு இணையான ஒழுங்கு செய்தி நிறுவனங்களின் புகைப்படங்களிலும் உண்டு. ராய்ட்டர்ஸ் போன்ற நிறுவனம் வெளியிடும் ஒவ்வொரு போர்ப் படத்தின் கீழும் இடம், தேதி, படத்தில் காண்பது என்ன, எடுத்தவர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிறு குறிப்புத்தான் படத்தின் இஸ்னாத். குழுவுக்குக் குழு தாவும்போது முதலில் உதிர்வது அதுவே. எடுத்தவர் பெயர் போய்விடும். இடமும் நாளும் போய்விடும். எஞ்சுவது ரத்தம் மட்டும். உடன் ஒரு வரி சேர்ந்துகொள்ளும்: உடனே அனைவருக்கும் பகிரவும்.

நம் வட்டாரத்துக்கும் இது புதிதன்று. 1760 ஜனவரி 22 அன்று நம் ஊருக்கு வடமேற்கே வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். செஞ்சி, ஆற்காடு, புதுச்சேரி என்று இப்பகுதி முழுவதும் படைகள் நடந்த காலம். அந்தக் காலத்து மனிதர்களின் அச்சமும் அலைக்கழிப்பும் இன்று நமக்குத் தமிழில் தெரிவது, புதுச்சேரியில் இருந்தபடி ஆனந்தரங்கப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த நாட்குறிப்பினால். அவரும் எழுதாமல் போயிருந்தால் தளபதிகளின் கடிதங்களே எஞ்சியிருக்கும்.

இனி நம் காலத்தவர் ஒருவரைப் பார்ப்போம். டேனிஷ் சித்தீகி டெல்லியில் பிறந்தவர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் பொருளியலும் பின்னர் வெகுஜனத் தொடர்பியலும் பயின்றார். தொலைக்காட்சிச் செய்தியாளராகத் தொடங்கி, அதை விட்டு 2010இல் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் பயிற்சிப் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மீண்டும் பயிற்சியாளராகச் சேர்வது நம் குடும்பங்களில் எளிதில் அனுமதிக்கப்படும் செயல் அன்று; அதையும் இங்கே குறித்து வைப்போம்.

ஈராக்கில் மொசூல் நகருக்கான போரை அவர் படமெடுத்தார். 2017இல் மியான்மரிலிருந்து ரோஹிங்யா மக்கள் வங்கக் கடலைக் கடந்து வங்கதேசத்தின் கரையில் இறங்கியபோது அங்கே இருந்தார். படகிலிருந்து இறங்கிய பெண் ஒருவர் களைத்து மண்டியிட்டுக் கரை மணலைத் தொடும் படம் அவருடையது. நம்மில் பலர் அதைப் பார்த்து அழுதிருக்கிறோம். எடுத்தவர் பெயர் அறியாமலே அழுதிருக்கிறோம். ரோஹிங்யா படங்களுக்காக 2018இல் ராய்ட்டர்ஸ் குழுவுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. அக்குழுவில் அவரும் ஒருவர். 2020 பிப்ரவரியில் வடகிழக்கு டெல்லியில் தரையில் குனிந்து கிடந்த ஒருவரைக் கும்பல் சூழ்ந்து அடிக்கும் படத்தையும் அவரே எடுத்தார். அடுத்த ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் டெல்லிச் சுடுகாட்டில் எரிந்துகொண்டிருந்த சிதைகளை எடுத்தார். அந்தப் பெருந்தொற்றுப் படங்களுக்காக 2022இல், அவர் இறந்த பின், சக படக்காரர்கள் மூவருடன் மீண்டும் புலிட்சர் அறிவிக்கப்பட்டது.

ரோஹிங்யா முஸ்லிமின் துயரை எடுத்த அதே கவனத்தோடு இந்துக் குடும்பங்களின் துயரையும் எடுத்தவர் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தும்போது டெல்லிக் கலவரப் படத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவர் இறந்த செய்தி வந்தபோது சமூக ஊடகங்களில் மகிழ்ச்சி தெரிவித்த சிலரும் இருந்தார்கள். அவர்களும் அவருடைய படங்களில் பாதியை மட்டுமே பார்த்தவர்கள்.

2021 ஜூலையில் அவர் ஆப்கானிஸ்தானில் இருந்தார். அமெரிக்கப் படைகள் வெளியேறிக்கொண்டிருந்தன. தாலிபான்கள் மாவட்டம் மாவட்டமாகக் கைப்பற்றி வந்தனர். கந்தஹாரில் ஆப்கான் சிறப்புப் படையினருடன் இணைந்து சென்றார். ஜூலை 13 அன்று அவர் சென்ற கவச வாகனத்தை ராக்கெட் குண்டுகள் தாக்கின. உயிர் தப்பியதை அவரே இணையத்தில் எழுதினார். ஏறத்தாழ 15 மணி நேரத் தொடர் நடவடிக்கைகளுக்கு இடையே 15 நிமிட ஓய்வு கிடைத்தது என்று புல்தரையில் படுத்திருக்கும் தம் படம் ஒன்றையும் பகிர்ந்தார்.

மூன்று நாள் கழித்து, ஜூலை 16 அன்று, பாகிஸ்தான் எல்லையில் உள்ள ஸ்பின் போல்தக் ஊரை மீட்கச் சென்ற படையுடன் அவர் போனார். குண்டுச் சிதறல் கையில் பாய்ந்தது. சிகிச்சைக்காக அங்கிருந்த பள்ளிவாசல் ஒன்றுக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். படை பின்வாங்கியபோது அவரும் கமாண்டோக்கள் இருவரும் விடுபட்டுப் போனார்கள் என்றும், மூவரும் கொல்லப்பட்டார்கள் என்றும் ராய்ட்டர்ஸ் பின்னர் வெளியிட்ட விசாரணை கூறுகிறது. அவரைப் பிடித்துக் கொன்றதாகச் சொல்வதைத் தாலிபான்கள் மறுத்தனர். 2022 மார்ச்சில் அவருடைய பெற்றோர் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிட்டனர். அவருக்கு வயது 38. சிறு குழந்தைகள் இருவர். ஜாமியாவின் கப்ருஸ்தானில் அவரை அடக்கம் செய்தார்கள்.

காயம்பட்ட முஸ்லிம் ஒருவர் அல்லாஹ்வின் இல்லத்தில் ஒதுங்கினார். அவரைக் கொன்றவர்கள் எனக் குற்றம் சாட்டப்படுவோரும் கலிமாச் சொல்பவர்களே. இதைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை பேர் பேசினார்கள்? டெல்லிக் கும்பலின் படத்தைப் பகிர்ந்த கைகள் ஸ்பின் போல்தக் பற்றி ஏன் தயங்கின? சாட்சியம் நமக்கு உவப்பாக இருக்கும்வரை சாட்சியைக் கொண்டாடுவதும், அது நம்மவரைச் சுட்டும்போது வாளாவிருப்பதும் நீதியாகாது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதில் விலக்கு ஏதும் இல்லை.

டேனிஷ் சென்ற முறைக்கு ஒரு குறை உண்டு. படையுடன் இணைந்து செல்லும் செய்தியாளர் அப்படையின் வாகனத்தில் ஏறி, அப்படையின் உணவை உண்டு, அப்படை காட்டும் திசையில் பார்க்கிறார். 2003இல் அமெரிக்கா ஈராக்கின் மீது படையெடுத்தபோது இம்முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. குண்டு விழும் இடத்தில் நிற்பவருக்குத் தெரிவது இம்முறையில் தெரியாது. அதனால் சிலர் வேறு வழியில் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் தமிழ் மண்ணுக்கே வந்து ஒரு கண்ணை இழந்தார்.

மேரி கொல்வின் லண்டன் சண்டே டைம்ஸ் இதழின் அமெரிக்கச் செய்தியாளர். 2001 ஏப்ரலில் இலங்கை அரசின் அனுமதியின்றி வன்னிக்குள் நுழைந்தார். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகக் கால் வைக்காத நிலம் அது. பொருளாதாரத் தடையால் உணவும் மருந்தும் குறைந்து தவித்த லட்சக்கணக்கான தமிழர்களைக் கண்டார். திரும்பும் வழியில் இரவில் போர்முனையைக் கடக்கும்போது ராணுவம் சுட்டது. தாம் செய்தியாளர் என்று உரக்கக் கூவினார். அதன் பின்னும் குண்டு வந்தது. இடக்கண் பார்வை போயிற்று. மருத்துவமனையில் இருந்தபடியே நீண்ட கட்டுரையை எழுதி அனுப்பினார். அதன்பின் வாழ்நாள் முழுதும் கண்ணில் கருந்துணி கட்டியே நடந்தார்.

அந்தக் கண்ணோடு அவர் ஓய்ந்து வீட்டில் அமர்ந்திருக்கலாம். 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில், முற்றுகையிடப்பட்ட பாபா அம்ர் பகுதிக்குள் நிலத்தடிக் குழாய் வழியாகக் குனிந்து நடந்து நுழைந்தார். குண்டுவீச்சில் ஒரு பச்சிளங்குழந்தை இறந்ததைத் தம் கண்ணால் கண்டு, அன்று இரவே பன்னாட்டுத் தொலைக்காட்சிகளில் நேரலையில் சொன்னார். மறுநாள் காலை, பிப்ரவரி 22 அன்று, அவர் தங்கியிருந்த கட்டடத்தை எறிகணைகள் தாக்கின. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஒஷ்லிக்கும் அவருடன் இறந்தார். அது திட்டமிட்ட தாக்குதல் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்து, சிரிய அரசு 30 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்றது. அந்தக் குழந்தை முஸ்லிம் குழந்தை. அதற்காகச் சாட்சி சொல்லி இறந்த பெண் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குண்டு வீசியதோ முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் அரசு. நாம் வழக்கமாகக் கோடு போட்டுப் பிரிக்கும் அணிகள் போர்க்களத்தில் அப்படி நிற்பதில்லை.

செய்தியாளரே இல்லாத போர் எப்படி முடியும் என்பதையும் அதே வன்னி காட்டியது. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்களை இலங்கை அரசு அங்கிருந்து வெளியேறச் சொன்னது. சுதந்திரச் செய்தியாளர்களுக்கு வழி அடைக்கப்பட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றிக்கூட உடன்பாடு இல்லை. 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த வல்லுநர் குழு 2011இல் கூறியது, அரசு ஏற்கவில்லை. தகராறு இன்றும் தொடர்கிறது. பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பார்த்தவர்கள் அனைவரும் பாதிக்கப்பட்டவர்களாகவே இருந்தார்கள். அவர்கள் சொல்வதை ஏற்க உலகம் தயங்கியது.

அத்தகைய சாட்சிகள் நமக்கு வெகு தொலைவிலும் இல்லை. நம் மாவட்டத்திலேயே, மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகளாக அங்கே வாழும் குடும்பங்கள் உண்டு. அரை நாளில் போய்வரக்கூடிய தூரம். காஸாவுக்காக நிதி திரட்டும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அந்த முகாமின் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, நீங்கள் என்ன பார்த்தீர்கள் அய்யா என்று கேட்டிருப்பார்கள்? ஒரு போரைப் பற்றிக் கைப்பேசி வழியே அறிவதும், அதைக் கடந்து வந்தவரின் முகத்தைப் பார்த்து அறிவதும் ஒன்றாகா.

இலங்கையைப் பற்றிப் பேசும்போது நம்மவர் கதையையும் சொல்லியாக வேண்டும். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. உலகத்தின் கண்கள் அனைத்தும் அங்கே திரும்பின. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. மறுநாள் இரவு, ஆகஸ்ட் 3 அன்று, கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டனர். 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 70,000 பேர், தலைமுறைகளாக ஈட்டியதை விட்டு, புத்தளம் நோக்கிச் சென்றார்கள்.

அந்தச் சாலையில் கேமராக்கள் இல்லை. நமக்குத் தெரிந்தவரை, உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒரு புகைப்படம்கூட அந்த வெளியேற்றத்துக்கு இல்லை. ரோஹிங்யாப் பெண் கரை மணலைத் தொட்ட படம் போல யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் வீட்டுச் சாவியோடு நடக்கும் படம் ஒன்று இருந்திருந்தால், தமிழ்நாட்டு மேடைகளில் இந்நிகழ்ச்சி இவ்வளவு எளிதாக விடுபட்டுப் போயிருக்காது. நாமும் நம் தமிழ்ச் சகோதரர்களின் முள்ளிவாய்க்கால் துயரைப் பேசுவதற்குத் தயங்கினோம்; அவர்களும் காத்தான்குடியைப் பேசத் தயங்கினார்கள். இரு தரப்பின் தயக்கத்துக்கும் வேர் ஒன்றே.

வெளிநாட்டுச் செய்தியாளருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருக்கிறது. உள்ளூர்ச் செய்தியாளருக்கு அது இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு ஊரடங்கு நேரத்தில், ராணுவப் பாதுகாப்பு நிறைந்த பகுதியில் இருந்த தம் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். தேர்தல் முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி அனுப்பியிருந்தார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

காஸாவில் இப்போது இருப்பவர்கள் அனைவரும் அவ்வகையினரே. 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கே சுதந்திரமாக நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. ராணுவத்தின் துணையோடு, அது அழைத்துச் செல்லும் இடத்துக்குச் சென்று வந்தவர்கள் சிலரே. ஆகவே நாம் பார்க்கும் உண்மையான படங்கள் அனைத்தும் பசித்த வயிற்றோடு, கூடாரத்தில் உறங்கி எழுந்து, தம் உறவினரின் ஜனாஸாத் தொழுகையை முடித்துவிட்டு வந்து எடுக்கப்பட்டவை. அல்ஜஸீராவின் காஸா அலுவலகத் தலைவர் வாயில் தஹ்தூஹ், 2023 அக்டோபர் 25 அன்று பணியில் இருந்தபோதே தம் மனைவி, மகன், மகள், பேரன் ஆகியோர் நுஸைராத்தில் கொல்லப்பட்ட செய்தியைப் பெற்றார். வெளியேறச் சொன்ன ஆணைக்குப் பணிந்து அவர்கள் தெற்கே சென்று தங்கிய இடம் அது. அவர் மறுநாளே பணிக்குத் திரும்பினார். டிசம்பரில் கான் யூனிஸில் அவரும் காயமுற்றார். உடன் சென்ற ஒளிப்பதிவாளர் சாமர் அபூதக்கா மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். 2024 ஜனவரி 7 அன்று செய்தியாளரான மூத்த மகன் ஹம்ஸாவும் கொல்லப்பட்டார்.

2025 ஆகஸ்ட் 10 இரவு, அல்ஷிஃபா மருத்துவமனை அருகே செய்தியாளர் கூடாரத்தைத் தாக்கியபோது அனஸ் அல்ஷரீஃபும் சக ஊழியர்களும் இறந்தனர். அவர் ஹமாஸ் இயக்கத்தவர் என்றது இஸ்ரேல்; அவருடைய நிறுவனமும் பத்திரிகைச் சுதந்திர அமைப்புகளும் அதை மறுத்தன. போர்ப் பகுதியில் பணியாற்றும் செய்தியாளரைக் குடிமகனாகவே கருத வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. மார்பில் பெரிய எழுத்தில் பத்திரிகை என்று பொறித்த கவசம் அன்று காப்பு. இன்று அதுவே அடையாளம் காட்டிக் கொடுக்கிறது.

இவர்களின் படங்களோடு பொய்ப்படம் ஒன்றைக் கலந்து நாம் அனுப்பும்போது என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர் அல்லது அலுவலக நண்பர் அதைப் பார்க்கிறார். அது பழைய சிரியப் படம் என்று அவருக்குத் தெரிய வருகிறது. அதன்பின் தஹ்தூஹின் கண்ணீரையும் அவர் நம்புவதில்லை. பொய்ப்படம் ஒன்று, உண்மைப் படம் நூற்றின் மதிப்பை அழிக்கிறது. காஸா மக்கள் மீது நடப்பதை மறுக்க விரும்புவோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நற்கூலி கிடைக்கும் என்று எண்ணிச் செய்யும் செயல், பார்த்தவரின் சாட்சியத்தை நாமே முறிப்பதில் முடிகிறது.

நம் மீதே இது திரும்பும்போது எப்படி இருக்கும் என்பதை 2025 மே மாதம் பார்த்தோம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்ட நாட்களில், களத்துக்குச் செல்லாமல் ஸ்டுடியோவில் அமர்ந்திருந்த சில தொலைக்காட்சிகள் கராச்சித் துறைமுகம் அழிந்ததாக முழங்கின. எல்லையோர ஊரான பூஞ்சில் எறிகணை விழுந்து மத்ரஸா ஆசிரியர் ஒருவர் இறந்தார். இந்தியக் குடிமகன், பாகிஸ்தான் குண்டுக்குப் பலியானவர். அவரைப் பயங்கரவாதி என்று சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. பூஞ்ச் காவல்துறை அதை மறுத்து அறிக்கை வெளியிட்டது. அவருடைய ஊரில் நின்று அண்டை வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்தப் பொய் பிறந்திருக்காது. விசாரிக்காத செய்தி மய்யித்தைக்கூட நிம்மதியாக விடுவதில்லை.

நம் மஹல்லாக்களில் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இடமும் தேதியும் எடுத்தவர் அல்லது வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் இல்லாத போர்ப் படம் ஜமாஅத் குழுவில் வரக்கூடாது என்று நிர்வாகிகள் முடிவு செய்யலாம். சிதைந்த உடல்களின் படங்களைக் குடும்பக் குழுவில் இடுவதையும் நிறுத்தலாம்; மய்யித்துக்கும் கண்ணியம் உண்டு, அதை மறைப்பது நம் மரபு. பள்ளிச் சிறுவர்கள் அந்தக் குழுக்களைப் பெற்றோரின் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்பது தெரிந்ததே. பிள்ளை படத்தைக் காட்டி, இது உண்மையா அத்தா என்று கேட்டால், அதட்டி அனுப்பாமல் அவனுடன் அமர்ந்து தேடிப் பார்ப்பது அந்த மாலையின் நல்ல அமலாக அமையலாம்.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. நம் ஊர்களில் பிள்ளை நன்றாகப் படித்தால் மருத்துவம், இல்லையேல் பொறியியல், அதுவும் இல்லையேல் வளைகுடா என்று வழி வகுத்து வைத்திருக்கிறோம். ஊடகவியல் படிக்கிறேன் என்று மகனோ மகளோ சொன்னால் வீடே கலங்குகிறது. சம்பளம் குறைவு, ஆபத்து அதிகம், மகளுக்கு வரன் அமைவது கடினம் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பொய் ஏதும் இல்லை. ஊடகங்கள் நம்மைப் பற்றிப் பொய் சொல்கின்றன என்று ஒவ்வொரு கூட்டத்திலும் குமுறுகிறோம். அந்தப் பணியிடத்தில் உண்மை சொல்ல நம் வீட்டிலிருந்து ஒருவரையும் அனுப்ப மனமில்லை. டேனிஷின் தந்தை ஜாமியாவில் கல்வியியல் பேராசிரியர். மகனை வேறு திசையில் திருப்ப அவருக்கு எல்லா வழிகளும் இருந்தன.

2022ஆம் ஆண்டுப் புலிட்சரை டேனிஷுடன் பகிர்ந்தவர்களுள் ஒருவர் காஷ்மீரைச் சேர்ந்த இளம்பெண் ஸன்னா இர்ஷாத் மட்டூ. விருதைப் பெற அவர் நியூயார்க் செல்லப் புறப்பட்டபோது, முறையான விசா இருந்தும், டெல்லி விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். விருது வேண்டாம், வீட்டில் இரு என்று சொல்ல அவருடைய குடும்பத்துக்கும் காரணங்கள் இருந்திருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழகத்தின் வேறு பல கல்லூரிகளிலும் ஊடகவியல் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. பிளஸ் 2 முடிவுகள் வந்ததும் நம் ஜமாஅத்துகள் நடத்தும் கல்வி வழிகாட்டு முகாம்களில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சட்டத்துக்கும் தனித்தனியே மேசை போடுகிறோம். வரும் ஆண்டு இதற்கும் ஒரு மேசை போடலாம். முதல் ஆண்டில் எவரும் வராமல் போகலாம். மேசையை எடுத்துவிட வேண்டாம்.